ஊசிக்கு முன்னால் ஒரு வீடு

ஹார்மோன் ஊசி போட்டுக்கொள்ள வேண்டுமென்றால் முதலில் வாடகைக்கு ஒரு வீடு பார்க்க வேண்டும். இதை எனக்குச் சொன்னவர் எந்த டாக்டரும் இல்லை. திருப்பூரில் எனக்கு முன்பே ஊசி போட ஆரம்பித்திருந்த ஓர் அண்ணன். புஷ்பா தியேட்டர் ஸ்டாப் பக்கம் ஒரு டீக்கடையில் நின்றபடி வரிசையாக அடுக்கினார். "ஊசி போட்டு மூணு நாலு மாசத்துல குரல் உடையும். நீ இருக்கறது லேடீஸ் ஹாஸ்டலு. அன்னிக்கு ராத்திரி பெட்டியத் தூக்கிட்டு எங்க போவே? மொதல்ல வீடு. அப்பறம் உன்ன யாருன்னே தெரியாத கம்பெனியில வேல. டாக்டரெல்லாம் அதுக்கு அப்பறம்."

இது 2016இல். பெண்ணாகப் பிறந்து ஆணாக வாழும் திருநம்பிகளுக்கு ஹார்மோன் சிகிச்சை கிடைப்பதில் என்ன சிரமம் என்று இன்று யாராவது கேட்டால், மருந்தைப் பற்றிச் சொல்ல எனக்கு அதிகம் இருப்பதில்லை. மருந்து மெடிக்கலில் இருக்கிறது. விலையும் ஒரு நாள் கூலிக்குள் அடங்கும். அந்த மருந்துக்கும் எனக்கும் நடுவில் நின்றவற்றைப் பற்றிச் சொல்லத்தான் நிறைய இருக்கிறது.

எனக்குச் சங்கரன்கோவில் பக்கம் ஒரு கிராமம். அப்பா விசைத்தறி ஓட்டினார், அம்மா பீடி சுற்றினாள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சட்டாம்பிள்ளை மாதிரி திண்ணையில் உட்கார்ந்து பீடி இலை வெட்டுவேன். தெருப் பையன்களோடு கபடி ஆடுவேன், கிணற்றில் குதிப்பேன், யாரும் ஒன்றும் சொன்னதில்லை. வயதுக்கு வந்து சடங்கு வைத்ததோடு எல்லாம் நின்றது. பந்தல் போட்டு, சீர்த்தட்டு எடுத்து, பட்டுப் பாவாடை கட்டி உட்கார வைத்து எடுத்த போட்டோ எங்கள் வீட்டுச் சுவரில் பல வருடம் தொங்கியது. அதில் இருக்கிற முகத்தை நான் ஒரு தடவைகூட நின்று பார்த்ததில்லை.

ப்ளஸ் டூ முடித்ததும் மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்தார்கள். நான் வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டபோது உள்ளதைச் சொன்னேன். ஒரு கோடாங்கியிடம் கூட்டிப்போனார்கள். பிறகு பக்கத்து ஊரில் ஒரு மனநல டாக்டரிடம். அவர் என்னை வெளியே உட்கார வைத்துவிட்டு அம்மாவிடம் மட்டும் பேசினார். சரியாகிவிடும் என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதைப் போட்டால் பகலிலும் கண்ணைத் திறக்க முடியாது. நான் தூங்கிக் கிடந்த நாட்களில் அம்மா என் பக்கத்தில் தட்டோடு உட்கார்ந்து பீடி சுற்றிக்கொண்டிருந்தது மங்கலாக நினைவிருக்கிறது. அவள் பயந்துதான் போயிருந்தாள்.

இந்த மாதிரி 'மாற்றும்' வைத்தியத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் தடுக்கச் சொன்னது 2021 ஜூனில். மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த இரண்டு பெண்கள் தொடுத்த வழக்கில், நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தான் முதலில் விஷயத்தைப் புரிந்துகொள்ள வேண்டும் என்று ஓர் உளவியலாளரிடம் நேரம் கேட்டு உட்கார்ந்து பேசிவிட்டு எழுதிய தீர்ப்பு அது. அடுத்த வருடம் தேசிய மருத்துவ ஆணையமும் அப்படிப்பட்ட வைத்தியம் தொழில் ஒழுக்கக்கேடு என்று அறிவித்தது. செய்தியைப் படித்தபோது அந்த மாத்திரை அட்டையின் நிறம் ஞாபகம் வந்தது. எங்கள் ஊரில் அப்போது யார் போய் எந்த நீதிமன்றத்தில் கேட்டிருக்க முடியும்?

பனியன் கம்பெனிக்கு ஆள் எடுக்க எங்கள் பக்கம் ஏஜென்ட் வருவார்கள். கல்யாணத்துக்கு நகை சேர்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி 2012இல் திருப்பூர் பஸ் ஏறினேன். செக்கிங்கில் சேர்ந்து, மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஓவர்லாக் பழகி டெய்லர் ஆனேன். எனக்கு இந்தத் தொழில் ரொம்பப் பிடிக்கும். கையில் வருகிற துணி எந்தப் பக்கம் இழுபடும், எந்தப் பக்கம் இழுபடாது என்று தொட்டதுமே தெரிந்துவிடும். அந்த அறிவுதான் என்னைச் சில வருடம் காப்பாற்றியது. மார்பை அழுத்திக் கட்ட பைண்டர் என்று ஒன்று உண்டு என்பதே அப்போது எனக்குத் தெரியாது. கட்டிங் வேஸ்டில் கிடந்த கனத்த லைக்ரா ரிப் துணியை எடுத்து, முன்பக்கம் மட்டும் இழுபடாத துணியை இரண்டு மடிப்பாக வைத்து, ஓவர்டைம் முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு எனக்கு நானே ஓர் உள்பனியன் தைத்தேன். அக்குளில் வெட்டு ஆழமாக இருந்தால் தோல் உரியும், மேலே ஏறினால் மூச்சு முட்டும். வெட்டித் தைத்து, பிரித்துத் தைத்து அளவு கிடைத்தது. மே மாத வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே, அதைப் போட்டுக்கொண்டு ஒன்றரை ஷிப்ட் ஓட்டியிருக்கிறேன். விலா எலும்பு ஓரம் வலி இன்றும் மழைக்காலத்தில் வரும்.

அண்ணனை எனக்குக் காட்டியது ஒரு திருநங்கை அம்மா. சனிக்கிழமை சம்பள நாளில் கம்பெனி வாசல் கடைகளில் காசு கேட்க வருவார். என்னை நாலைந்து வாரம் பார்த்துவிட்டு ஒருநாள் பக்கத்தில் வந்து, "நீ பையன்தானடா?" என்றார். அதுவரை யாரும் கேட்காத கேள்வி. திருநங்கைகளுக்கு ஜமாத் உண்டு. அம்மா, மகள், பாட்டி என்று உறவு உண்டு. எந்த ஆஸ்பத்திரி, எந்த மருந்து, யார் நல்ல டாக்டர் என்று வாய்வழியாக வந்து சேர்ந்த அறிவு உண்டு. அதற்காக அவர்கள் பட்டபாடு கொஞ்சமில்லை. 2008இல் தமிழக அரசு நலவாரியம் அமைத்ததற்கும், கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையில் அறுவை சிகிச்சை தொடங்கியதற்கும் பின்னால் அவர்களுடைய வருடக்கணக்கான போராட்டம் இருக்கிறது. திருநம்பிகள் நிலைமை வேறு. நாங்கள் வீட்டுக்குள் மகளாகப் பூட்டப்பட்டவர்கள். சந்தைக்குப் போகவே அண்ணன் துணை வேண்டியவள் எப்படிக் கோயம்புத்தூருக்குத் தனியாகப் போய் டாக்டரைப் பார்ப்பாள்? எங்களில் பலபேர் ஒருவரையொருவர் பார்க்காமலேயே கல்யாணம் ஆகிப் போனவர்கள். சிலர் உயிரோடு இல்லை.

வீடு கிடைப்பது லேசாக இல்லை. பெண்ணாகப் போய்க் கேட்டால் கல்யாணமாகாத பெண்ணுக்குத் தனி வீடா என்றார்கள். பையனாகப் போய்க் கேட்டால் பேச்சிலருக்கு இல்லை என்றார்கள். கடைசியில் அனுப்பர்பாளையத்தில், பித்தளைப் பாத்திரம் அடிக்கிற சத்தம் நாள் முழுக்கக் கேட்கிற ஒரு சந்தில், லைன் வீடு ஒன்று கிடைத்தது. வீட்டுக்காரம்மாவுக்கு வயது அறுபதுக்கு மேல். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஏந் தம்பி, தண்ணி அடிப்பியா?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். சாவியைக் கொடுத்தார்.

வேலை மாறியதில் இழந்தது அதிகம். பெரிய கம்பெனியில் எனக்கு பி.எஃப். இருந்தது, இ.எஸ்.ஐ. அட்டை இருந்தது. இரண்டும் பழைய பெயரில், பெண் என்று போட்டு. ஆதாரைக் கேட்காத, பெயரை நோட்டில் எழுதிக்கொள்கிற சின்ன ஜாப் ஒர்க் யூனிட்டுக்குப் போனால்தான் பையனாக உட்கார முடியும். அங்கே பீஸ் ரேட், இ.எஸ்.ஐ. கிடையாது. வாழ்நாள் முழுக்க ஊசி போடவும் ரத்தம் பார்க்கவும் போகிறவன், அதைத் தொடங்குவதற்காக மருத்துவக் காப்பீட்டை விட்டுவிட்டு வர வேண்டியிருந்தது. எனக்குத் தெரிந்த அத்தனை திருநம்பித் தொழிலாளிகளும் இந்த இடத்தைத் தாண்டித்தான் வந்திருக்கிறார்கள்.

அதன் பிறகுதான் கடிதம். ஹார்மோன் டாக்டர் மருந்து எழுத வேண்டுமானால், இவருக்குப் பாலின முரண் இருக்கிறது, வேறு மனநோய் இல்லை, தெரிந்துதான் கேட்கிறார் என்று மனநல டாக்டர் ஒருவர் எழுதித் தர வேண்டும். முதலில் பார்த்தவர், "அப்பா அம்மாவைக் கூட்டிக்கிட்டு வாங்க" என்றார். ஓட்டுப் போடுகிற வயது தாண்டியவனுக்கு எதற்கு அப்பா அம்மா என்று கேட்க அன்று வாய் வரவில்லை. உள்ளூரில் இன்னொருவரைப் பார்க்கவும் பயம். அவர் சொல்லாவிட்டாலும் ஃபைலைப் பார்க்கிற கம்பவுண்டர் சொல்லிவிட்டால்?

இந்தப் பயம் புதிதில்லை. எங்கள் ஊசியில் இருக்கிற ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனை 1935இல்தான் ஆய்வுக்கூடத்தில் செய்ய முடிந்தது. செய்தவர்களுக்கு 1939இல் நோபல் பரிசு அறிவித்தார்கள். ஏறக்குறைய அதே நேரத்தில் இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்தில் மைக்கேல் தில்லான் என்பவர் ஒரு டாக்டரிடம் அந்த ஹார்மோனை மாத்திரையாக வாங்கிச் சாப்பிட ஆரம்பித்தார். பெண்ணாகப் பிறந்து, ஆணாவதற்காக இந்த மருந்தை எடுத்தவர்களில் நாம் அறிந்த முதல் ஆள். அவரை முதலில் மனநல டாக்டர் ஒருவரிடம் அனுப்பியிருக்கிறார்கள். அவர் வழியாக விஷயம் வேலையிடத்துக்குக் கசிந்தது. தில்லான் ஆய்வுக்கூட வேலையை விட்டுவிட்டு ஒரு கராஜில் பெட்ரோல் போடுகிற வேலைக்குப் போனார். பிறகு டப்ளினில் படித்து அவரே டாக்டர் ஆனார். 1958இல் பத்திரிகைகள் அவரைத் தோண்டியெடுத்து எழுதியதும் கப்பல் டாக்டர் வேலையை உதறிவிட்டு இந்தியாவுக்கு வந்து, பௌத்தத் துறவியாகி, 1962இல் டல்ஹௌசியில் இறந்தார். 47 வயது. எனக்கு இதைச் சொன்னது அண்ணன்தான். எட்டாவது வரை படித்தவர். எங்கிருந்து தெரிந்துகொண்டார் என்று கேட்டதற்குச் சிரித்தார். நம்ம இனத்தில் ஒருத்தர் நம்ம நாட்டு மண்ணில்தான் கிடக்கிறார் என்று சொல்லும்போது அவருக்கு அப்படியொரு பெருமை.

கடிதம் கோயம்புத்தூரில் கிடைத்தது. அங்கே பார்த்த பெண் டாக்டர் என்னைத் தனியாக உட்கார வைத்துப் பேசினார், பல வாரங்களாக. நல்லவர். ஆனாலும் அவர் கையிலிருந்த படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது: சின்ன வயதில் கார் பொம்மை வைத்து விளையாடினீர்களா, பெண் பொம்மை வைத்தா? எங்கள் வீட்டில் பொம்மையே கிடையாது டாக்டர் என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "வேற என்ன இருந்தது?" என்று கேட்டார். பீடித்தட்டைப் பற்றிச் சொன்னேன், கிணற்றைப் பற்றிச் சொன்னேன், சடங்குப் போட்டோவைப் பற்றிச் சொன்னேன். அதையெல்லாம் எழுதிக்கொண்டார். பொம்மை வாங்கிக் கொடுக்கக் காசுள்ள வீட்டுப் பிள்ளைகளை வைத்துப் போட்ட அந்தக் கேள்விக்கு 'இல்லை' என்று டிக் அடித்துவிட்டு அடுத்ததற்குப் போகிற டாக்டரிடம் மாட்டியிருந்தால் என் கடிதம் என்னவாகியிருக்கும் என்று அடிக்கடி நினைப்பேன்.

கடிதத்தில் எஃப் 64.0 என்று ஒரு எண் போட்டிருந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் அப்போது நாங்கள் மனநோய்ப் பகுதியில் இருந்தோம். 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த புதிய பட்டியலில் அங்கிருந்து எடுத்துப் பாலியல் நலன் சார்ந்த பகுதிக்கு மாற்றிவிட்டார்கள். அந்தக் கடிதத்தை இன்னும் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறேன்.

ஊசிக்கு முன்னால் பார்க்க வேண்டிய பரிசோதனைகள் உண்டு. ஹீமோகுளோபின், சர்க்கரை, கொழுப்பு, கல்லீரல். அதோடு அடிவயிற்று ஸ்கேன். மற்றதெல்லாம் கையை நீட்டினால் முடிந்துவிடும். ஸ்கேன் சென்டரில் எனக்கு முன்னும் பின்னும் மாசமாக இருந்த பெண்கள். கிராப் வெட்டி, சட்டை பேண்ட் போட்டு, குடித்த தண்ணீர் அடிவயிற்றில் முட்ட உட்கார்ந்திருந்தேன். எதிர்ச் சுவரில் எல்லா ஸ்கேன் சென்டரிலும் மாட்டியிருக்கிற அந்த போர்டு. கருவிலிருக்கும் குழந்தை ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்வது சட்டப்படி குற்றம். பெண் சிசுக்களைக் காப்பாற்ற 1994இல் வந்த நல்ல சட்டம். அந்தச் சட்டம் எத்தனை உயிரைக் காத்தது என்று எங்கள் ஊர்ப் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். அதைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தபோது வரவேற்பில் இருந்த பெண் என் பழைய பெயரை உரக்கக் கூப்பிட்டார். நான் எழுந்தேன். உங்கள் மனைவியைக் கூப்பிடுங்கள் என்றார். நான்தான் என்றேன். மூன்று பக்கமிருந்தும் திரும்பிய அத்தனை கண்ணும் எனக்கு இன்றும் தெரியும். உள்ளே போய்ப் படுத்தபோது ஜெல் சில்லென்று பட்டதும்தான் நான் அழுதுகொண்டிருப்பது எனக்கே தெரிந்தது.

ஹார்மோன் டாக்டர் என்றால் நம்மூரில் சுகர் டாக்டர், தைராய்டு டாக்டர். காத்திருக்கும் கூடம் முழுக்கச் சர்க்கரைக்காரர்கள். டாக்டர் பேப்பரில் கோடு போட்டு இரண்டு பகுதியாகப் பிரித்து எழுதிக் காட்டினார். குரல், தாடி மீசை, இதெல்லாம் வந்தால் திரும்பப் போகாது. மாதவிலக்கு நிற்பது, கொழுப்பு இடம் மாறுவது, சதை கூடுவது, இதெல்லாம் ஊசியை நிறுத்தினால் மெல்லத் திரும்பும். முகப்பரு வரும், முன்மண்டை வழுக்கை வரலாம், ரத்தம் கெட்டிப்படலாம். ரத்தத்தில் சிவப்பணுவின் பங்கு 54 சதவீதத்தைத் தாண்டினால் ஊசியை நிறுத்திப் பார்ப்பேன் என்றார். பிள்ளை பெறுகிற எண்ணம் உண்டா, கருமுட்டையை எடுத்து வைக்கலாம் என்று அவர் சொன்னபோது அதற்கு ஆகிற செலவைக் கேட்டேன். சொன்னார். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. இன்றைக்கும் அது என் மனசில் கிடக்கிறது. எனக்கு அந்த ஆசை இருந்ததா இல்லையா என்று யோசிக்கக்கூட அந்தத் தொகை இடம் கொடுக்கவில்லை.

250 மில்லிகிராம், மூன்று வாரத்துக்கு ஒன்று. சீட்டை நீட்டியதும் மெடிக்கல்காரர், "ஜிம்முக்கா தம்பி?" என்றார். சீட்டில்லாமல் விற்கக் கூடாத மருந்துதான். இருந்தாலும் உடம்பு ஏற்றுகிற பையன்களுக்குச் சில இடங்களில் சீட்டில்லாமலே கிடைக்கிறது. டாக்டர் கிடைக்காத திருநம்பிகளும் அந்த வழியில் வாங்குகிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு தம்பி ஜிம்மில் சொன்ன கணக்கில் வாராவாரம் போட்டுக்கொண்டான். தலைவலி தாங்காமல் போய் ரத்தம் பார்த்தபோது ஹீமோகுளோபின் 19. நல்லவேளையாகப் பிழைத்தான். அவனைத் திட்டுகிறவர்கள், அவன் எத்தனை டாக்டர் வாசலில் திருப்பி அனுப்பப்பட்டான் என்று முதலில் கேட்டுவிட்டுத் திட்ட வேண்டும்.

மருந்து எண்ணெயில் கரைத்தது. ஆம்பூலை உள்ளங்கையில் உருட்டிச் சூடாக்கி, தலையை உடைத்து, பெரிய ஊசியால் உறிஞ்சி, சின்ன ஊசிக்கு மாற்றி, பிட்டத்துச் சதையில் ஆழமாக, மெல்ல ஏற்ற வேண்டும். அவசரப்பட்டால் கட்டி கட்டும். முதல் ஊசி போட்ட நர்ஸம்மா அந்தச் சீட்டை இரண்டு தடவை படித்தார். ஒன்றும் கேட்கவில்லை. போட்டு முடித்துப் பஞ்சை வைத்து அழுத்தியபடி, "நடந்தே போங்க, வண்டியில உக்காராதீங்க, மருந்து நல்லாப் பரவும்" என்றார். நடந்தே வீட்டுக்கு வந்தேன்.

மாதவிலக்கு நின்றபோது எனக்கு ஏற்பட்ட நிம்மதியை எழுத முயன்று பல தடவை கிழித்துப் போட்டிருக்கிறேன். கம்பெனியில் ஆண்கள் கழிப்பறையில், குப்பைத்தொட்டி இல்லாத இடத்தில், நாப்கினைப் பேப்பரில் சுற்றிப் பேண்ட் பையில் வைத்துக்கொண்டு வந்து மெஷினில் உட்கார்ந்தவனுக்குத்தான் அது புரியும்.

குரல் மூன்றாம் மாதம் கரகரத்தது. அம்மா ஞாயிற்றுக்கிழமை போன் செய்வாள். "ஏட்டி, தொண்டை ஏன் இப்படிக் கட்டியிருக்கு? பஞ்சு தூசி. சித்தரத்தையத் தட்டி வாயில அடக்கு." அடுத்த வாரமும் அதே. அதற்கடுத்து ஊரிலிருந்து வந்த ஓர் ஆளிடம் சித்தரத்தை, பனங்கற்கண்டு, சுக்கு எல்லாம் மஞ்சப்பையில் கட்டிக் கொடுத்துவிட்டாள். நான் தினமும் ஒரு துண்டு வாயில் போட்டேன். அவள் கேட்டால் ஆமாம், போட்டேன் என்று உண்மையைச் சொல்ல வேண்டுமே. குரல் இன்னும் கீழே இறங்கியது. ஒருநாள் அவளே கேட்டாள், "ஊசி கீசி போடுதியா?" போடுகிறேன் என்றேன். போனை வைத்துவிட்டாள். பல மாதம் போன் வரவில்லை.

2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு போட்டார்கள். கம்பெனி மூடி, பாத்திரப் பட்டறைச் சத்தமும் நின்று, சந்தே வேறு ஊராக இருந்தது. கோயம்புத்தூருக்கு பஸ் இல்லை. மெடிக்கலில் சர்க்கரை மாத்திரை இருந்தது, எங்கள் ஊசி இல்லை. கேட்டால், இது அத்தியாவசியமா என்றார்கள். தேதி தள்ளிக்கொண்டே போனது. ஒரு விடியற்காலையில் பாய் நனைந்திருந்தது. அன்று நான் எழுந்திருக்கவில்லை. வீட்டுக்காரம்மா கதவைத் தட்டிக் கஞ்சி வைத்துவிட்டுப் போனார். அண்ணன் தன்னிடம் இருந்த ஆம்பூல்களில் ஒன்றைச் சட்டைப் பையில் வைத்து, போலீசுக்கு மெடிக்கல் சீட்டைக் காட்டி, சைக்கிள் மிதித்து வந்து சேர்ந்தார். மருந்து அவருக்கும் குறைவாகத்தான் இருந்தது. கையைச் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவிவிட்டு அவரே போட்டுவிட்டார்.

போன் அந்தக் கோடையில்தான் மறுபடி வந்தது. பக்கத்துத் தெருவில் ஒருத்தர் கொரோனாவில் போய்விட்டாராம். அம்மா அதைச் சொல்லி அழுதுவிட்டுக் கேட்டாள், "எய்யா, அங்க ஒனக்குச் சாப்பாடெல்லாம் கெடைக்கா?" அப்பா இதுவரை என்னிடம் பேசவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார் என்று அம்மா சொல்கிறாள்.

சட்டத்தில் எங்களுக்கு இடமில்லாமல் இல்லை. 2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம், ஒருவர் ஆணா பெண்ணா மூன்றாம் பாலினமா என்பதை அவரே சொல்லலாம் என்றது. 2019இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தின் 15ஆவது பிரிவு, ஹார்மோன் சிகிச்சை உட்பட மருத்துவ வசதி செய்து தருவதை அரசின் கடமை என்று எழுதியே வைத்திருக்கிறது. 2020 விதிகள், உடம்பைச் சோதிக்காமலே மாவட்ட ஆட்சியர் அடையாளச் சான்றிதழ் தர வேண்டும் என்றன. நான் சான்றிதழுக்குப் போன அலுவலகத்தில் இருந்தவர் ஃபைலைப் புரட்டிவிட்டு, "திருநங்கைன்னா சேலை கட்டியிருக்கணுமே?" என்றார். தாடியோடு ஒருவன் வந்து நிற்பான் என்று அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. விளக்கிச் சொன்னதும் நாற்காலி போட்டு உட்கார வைத்து முடித்துக் கொடுத்தார் என்பதையும் சொல்ல வேண்டும். அந்தச் சான்றிதழ் வந்த பிறகு ஆதார் மாறியது, ஆதார் மாறியதும் இ.எஸ்.ஐ. உள்ள கம்பெனிக்கு மறுபடி போனேன்.

சென்னை ராஜீவ் காந்தி அரசு மருத்துவமனையிலும் மதுரை ராஜாஜி மருத்துவமனையிலும் எங்களுக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. வரவேற்கிறேன். ஆனால் பீஸ் ரேட்டில் இருப்பவனுக்கு மதுரை போய் வர ஒரு நாள் கூலியும் பஸ் சார்ஜும் போகும், சில முதலாளிகளிடம் வேலையே போகும். 2021இல் மக்களைத் தேடி மருத்துவம் என்று தொடங்கி, சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையை வீட்டு வாசலிலேயே கொண்டுவந்து கொடுக்கிற மாநிலம் இது. என் அம்மாவுக்கு அப்படித்தான் வருகிறது. ஒவ்வொரு மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் ஒரு டாக்டர், ஒரு நர்ஸ், ஒரு அலமாரித் தட்டில் இந்த ஆம்பூல், ரத்தம் பார்க்க ஏற்பாடு. இதைச் செய்ய முடியாதவர்கள் இல்லை நாம்.

இப்போது என்னிடம் ஒரு தம்பி வந்திருக்கிறான். திண்டுக்கல் பக்கம் ஸ்பின்னிங் மில் ஹாஸ்டலில் இருந்து வெளியேறி, எங்கள் சந்துக்கு இரண்டு சந்து தள்ளி அறை எடுத்திருக்கிறான். கடிதம் வாங்கியாயிற்று, ரத்தமும் கொடுத்தாயிற்று. ஸ்கேன் என்றதும் மட்டும் மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டான். ஒரு ஸ்கேன் சென்டருக்கு நானே நேரில் போய் மேனேஜரிடம் பேசினேன். காலை ஏழு மணிக்கு, மற்றவர்கள் வருவதற்கு முன்னால் வரச் சொன்னார். பெயரைக் கூப்பிடாமல் டோக்கன் நம்பரைச் சொல்லிக் கூப்பிடவும் ஒப்புக்கொண்டார். வியாழக்கிழமை இருவரும் லீவு சொல்லியிருக்கிறோம். ஆறு மணிக்கே எழுந்து ஒரு லிட்டர் தண்ணீரைக் குடித்துவிட்டுக் கிளம்பச் சொல்லியிருக்கிறேன். வயிறு முட்ட இருந்தால்தான் படம் தெளிவாக விழும், இரண்டாம் தடவை போக வேண்டியிருக்காது.